உப்புப் பார்க்கும் கை

பல் டாக்டர் வீட்டில் சமைக்கிற அக்காவுக்கு நாக்கு செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. காய்ச்சலில் கிடந்தவர்கள் ஊறுகாய் கேட்பதற்காகச் சொல்வார்களே, அந்தக் கணக்கு இல்லை. நிஜமாகவே செத்துப்போய்விட்டது. ஒரு காய்ச்சல் வந்து அவளைப் படுக்கையில் போட்டது, போகும்போது ருசியையும் கையோடு கொண்டுபோய்விட்டது. எழுந்து உட்கார்ந்து குடித்த முதல் காப்பியை வெந்நீர் என்று நினைத்து வீட்டுக்காரரைத் திட்டினாள். அவர் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை தூக்கலாகத்தானே இருக்கிறது என்றார். அன்றைக்கே இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, இதைப் பற்றி வெளியில் மூச்சு விடுவதில்லை என்று முடிவு செய்தார்கள்.

வேறு என்ன செய்வார்கள்? எதிர்வீட்டு டிரைவருக்குக் கண்ணில் புரை என்று தெரிந்த மறுநாளே அவரிடமிருந்து கார் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண் தெரியாத டிரைவரும் ருசி தெரியாத சமையல்காரியும் ஒரே வரிசையில் நிற்க வேண்டியவர்கள்தான். அக்காவுக்கு வேறு வேலை தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் கிடையாது. அந்த அடுப்படி போய்விட்டால் தனக்குக் கை இருந்தும் பிரயோஜனம் இல்லை என்று அவள் நினைத்தாள்.

அதனால் சாமர்த்தியமாகச் சமாளித்தாள். உப்புக்கு ஒரு குட்டிக் கரண்டி, தலைதட்டிப் போட வேண்டியது. காரத்துக்குக் கண், புளிப்புக்கு மூக்கு, வேக்காட்டுக்குக் காது. முன்பெல்லாம் உள்ளங்கையில் இரண்டு சொட்டு ஊற்றி நக்கிப் பார்ப்பாள், அதை அடியோடு விட்டுவிட்டாள். யாராவது கேட்டால், நாக்கால் சமைக்கிறவர்கள் வேறு, கையால் சமைக்கிறவர்கள் வேறு என்று ஒரு போடு போட்டாள். அங்கே சாப்பிடுவதையும் நிறுத்தி, தன் பங்கை டப்பாவில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனாள். வேடிக்கை என்னவென்றால், இப்போதுதான் சமையல் முன்னைவிட நன்றாக இருப்பதாக டாக்டர் வீட்டில் சொன்னார்கள். நாக்குக்கு ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது, கரண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில் ஒரு கொரியப் படம் வந்து குறுக்கே விழுந்தது.

டாக்டருக்குப் படப் பைத்தியம். ஞாயிறு மதியம் ஹாலில் திரைச்சீலையை இழுத்துவிட்டு, சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கட்டி, ஊர்பேர் தெரியாத நாட்டுப் படங்களாகப் போடுவார். பக்கத்துத் தெரு வக்கீலும் மருந்துக்கடைக்காரரும் தவறாமல் வந்துவிடுவார்கள். டாக்டரின் மனைவி பள்ளிக்கூட டீச்சர், பாதிப் படத்தில் தூங்கிவிடுவது அவர் வழக்கம். அன்றைக்குப் போட்டது கறுப்பு வெள்ளைப் படம். ஒரு வசதியான வீடு, புருஷன், பெண்டாட்டி, சமைக்க வந்த ஒரு பெண். வந்தவள் பெரிய வீட்டையே தன் கைக்குள் போட்டுக்கொள்கிறாள், அப்புறம் சூப்பில் எதையோ கலக்குகிறாள். அன்றைக்கு டீச்சர் தூங்கவில்லை. தலையணையை மடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார்.

பார்த்தவர்கள் ஆளுக்கு ஒரு தினுசு. வக்கீல் தப்பெல்லாம் அந்தப் புருஷன்மேல்தான் என்று கேஸ் நடத்தினார். மருந்துக்கடைக்காரர், இவ்வளவு சீக்கிரம் வேலை செய்கிற விஷமே கிடையாது, டைரக்டருக்கு விவரம் போதாது என்று குறைப்பட்டார். டாக்டர் கேமரா கோணத்தைப் புகழ்ந்தார். டீச்சர் மட்டும் ஒரே ஒரு விஷயம் சொன்னார்: அந்தப் பெண் தான் வைத்த சூப்பை ஒரு தடவைகூட ருசி பார்க்கவே இல்லை.

சொல்லி வாய் மூடுவதற்குள் அக்கா தட்டில் சூப் கோப்பைகளோடு உள்ளே வந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குனிந்து தன் புடவையைப் பார்த்துக்கொண்டாள், ஏதாவது கொட்டியிருக்கிறதோ என்று. கோப்பைகள் ஆறிப்போய் ஏடு கட்டின. மருந்துக்கடைக்காரர் மட்டும் ஒன்றைக் குடித்தார், மற்றவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாளிலிருந்து டீச்சர் அடுப்படியே கதியென்று ஆகிவிட்டார். பரணில் கிடந்த எலி மருந்துப் பொட்டலம் காணாமல் போனது. அலமாரியில் ஒவ்வொரு டப்பாவும் திறந்து மோந்து பார்க்கப்பட்டது. அக்கா கரண்டியைப் பிடித்தால் டீச்சரின் கண் கரண்டியோடு போய்க் கரண்டியோடு வந்தது. போதாததற்கு டாக்டரின் மகள் ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில், முன்னெல்லாம் அக்கா கையில் ஊற்றி நக்கிப் பார்ப்பாரே, இப்போது ஏன் பார்ப்பதில்லை என்று கேட்டுவைத்தாள். டீச்சருக்குச் சோறு இறங்கவில்லை.

குட்டு உடைந்துவிட்டது, நாக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது, நேராகக் கேட்கக் கூச்சப்பட்டுச் சோதிக்கிறார்கள் என்று அக்கா நினைத்தாள். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதாள். அவர் யோசித்துவிட்டு, கேட்டால் ஒப்புக்கொள்ளாதே, எது கொடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடு என்றார். புருஷன்மார் சொல்கிற யோசனை எல்லாம் இந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

சனிக்கிழமை மதியம் அக்கா கொல்லையில் துணி எடுக்கப் போனாள். அந்த இடைவெளியில் டீச்சர் அடுப்படிக்கு வந்து, உப்பையாவது நம் கையால் போடுவோம் என்று சூப்பில் தாராளமாக அள்ளிப் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகப் போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா திரும்பி வந்து தன் குட்டிக் கரண்டியால் தலைதட்டி ஒன்று போட்டாள். சூப் மேஜைக்குப் போனது.

டீச்சர் ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அக்கா, இன்னிக்கு நீங்க முதல்ல குடிங்க.”

அக்கா கோப்பையை எடுத்தாள். கரண்டிக் கணக்கு தப்பவில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்து, நன்றாக இருக்கிறது, உப்பெல்லாம் திட்டமாக இருக்கிறது என்றாள்.

டீச்சர் முகத்தில் உயிர் வந்தது. ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடாத மனுஷி ஆசையாக ஒரு பெரிய வாய் குடித்தார். அடுத்த நிமிஷம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கைகழுவும் தொட்டிக்கு ஓடினார், விஷம், விஷம் என்று சொல்லிக்கொண்டே. டாக்டர் கரண்டி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். விஷம் இல்லை, உப்பு என்றார். பிறகு காலிக் கோப்பையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“இதை எப்படி முழுசா குடிச்சீங்க?”

அக்காவுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

“எனக்கு ருசி தெரியாது சார். ரெண்டு வருஷமா எதுவுமே தெரியல.”

தொட்டியிலிருந்து டீச்சர் திரும்பினார். வாயைத் துடைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்: படம், எலி மருந்து, தான் போட்ட உப்பு, அக்கா எதையோ கலக்கிறாள் என்று பயந்தது. அக்காவுக்கு முதலில் வந்தது நிம்மதி. இவ்வளவுதானா, விஷம்தானா, நாக்கு இல்லையா என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு வெளியே போன பிறகுதான் கோபம் வந்தது. காதெல்லாம் சூடாகிவிட்டது. டாக்டரின் மகளுக்குப் பல் முளைத்த நாளிலிருந்து குழையக் குழைய ஊட்டின கை.

“என் நாக்கைச் சந்தேகப்பட்டிருந்தா தாங்கியிருப்பேன் டீச்சர். என் கையைச் சந்தேகப்பட்டுட்டீங்களே.”

அக்கா டப்பாவைக்கூட எடுக்காமல் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அழுதாள். போன வேலைக்காக அல்ல, தன் கைமேல் விழுந்த விஷப் பழிக்காக.

திங்கட்கிழமை காலையில் டீச்சரே அவள் வீட்டுக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தார், ஆனால் வாயில் அது வரவில்லை. நேற்று தான் சமைத்ததை நாய்கூடத் தொடவில்லை என்று மட்டும் சொன்னார். அக்கா சிரிக்கக் கூடாது என்று பார்த்தாள், முடியவில்லை. வீராப்பெல்லாம் அன்றோடு சரி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு கூடவே போனாள்.

சூப் கொதித்தது. அக்கா குட்டிக் கரண்டியைக் கையில் எடுத்தபோது டீச்சர் பக்கத்தில் வந்து நின்று உள்ளங்கையை நீட்டினார். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

“ஊத்துங்க. இனிமே தினமும் முதல் வாய் எனக்கு.”

அக்கா இரண்டு சொட்டு ஊற்றினாள். விஷத்துக்குப் பயந்த அதே டீச்சர் சூடு ஆறுவதற்குள் நக்கினார். உப்பு ஒரு துளி குறைகிறது என்றார். அக்கா போட்டாள். மறுபடி ஊற்றினாள். இப்போது சரி என்றார் டீச்சர். சரி என்றால் எப்படி என்று அக்கா கேட்டாள். டீச்சர் யோசித்தார், வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: முதலில் உப்பு, பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாகப் புளிப்பு, முழுங்கின பிறகு மிளகு தொண்டையில் வந்து நிற்கிறது, கடைசியில் கேரட்டின் தித்திப்பு கொஞ்சம்.

அக்கா அடுப்பைச் சின்னதாக்கினாள். கண்ணில் தண்ணீர் கட்டியது, அதற்கு மிளகு காரணமில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்,” என்றாள்.