போய்வரும் நோட்டு

நீல அட்டை போட்ட நீள நோட்டு அது. முதுகு பிய்ந்த இடத்தில் காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தார் மேனேஜர். அட்டையில் ஆங்கிலத்தில் 'வெளிச்செல்வோர் பதிவேடு' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாலும், எங்கள் லாட்ஜில் எல்லோரும் அதைப் போய்வரும் நோட்டு என்றுதான் சொல்வோம். போன வாரம் மேனேஜர் போன் செய்து, "அந்த நோட்டு இருக்குதாம்மா? பேத்தி கேக்குது. பக்கம் பக்கமா போட்டோ எடுத்து அனுப்பேன்" என்றார். இருக்கிறது சார் என்றேன். அவர் வேலையை விட்டுப் போன நாளிலிருந்து அதைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறேன் என்றோ, அதில் ஒரு பக்கத்தைப் பார்க்கப் பயந்துதான் பூட்டினேன் என்றோ சொல்லவில்லை.

செஞ்சிக்குக் கோட்டை பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்களில் சிலர் எங்கள் லாட்ஜில் தங்குவார்கள். ஆங்கில இலக்கியம் படித்த மிடுக்கோடு நான் அங்கே வரவேற்பு மேசை வேலைக்குச் சேர்ந்தேன். மேனேஜர் இந்தப் பக்கத்துப் பழைய சமணக் குடும்பத்துக்காரர். பொழுது சாய்ந்தால் பச்சைத் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது. சாயங்காலம் ஐந்தரைக்கு டிபன் கேரியரைத் திறந்துவிடுவார். முதலாளிக்கு அவர் எழுதும் கடிதங்களில் ஆங்கிலம் கைகட்டி, வாய்பொத்தி நிற்கும். 'பணிவுடன் தெரிவிக்க விழைகிறேன்' ரகம். முப்பது வருஷமாக ஆங்கிலப் பேப்பர் படிக்கிற மனிதர். ஆனால் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒருவர் சர்வசாதாரணமாக நாலு வார்த்தை பேசினால் முழிப்பார்.

"பேப்பர் இங்கிலீஷ் வேறம்மா, வாய் இங்கிலீஷ் வேற. 'லுக்'குன்னா பாக்கறது. சின்னப் பசங்களுக்குக்கூடத் தெரியும். அதுக்குப் பின்னால 'ஆஃப்டர்' வந்தா பாத்துக்கறதாம். 'ஃபார்' வந்தா தேடறதாம். இது இன்னா அநியாயம்?" என்று என்னிடம் முறையிட்டார். நம்மிடம் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்றேன். பார்த்துக்கொள், பார்த்துவிடு, பார்த்துத் தொலை என்று நாம் ஒட்டுப்போட்டுப் பேசுவதில்லையா? தமிழ் கற்க வருகிற வெள்ளைக்காரன் பார்த்துத் தொலையில் எதைத் தொலைப்பான்? மேனேஜர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். மறுநாள் அந்த நோட்டு மேசைக்கு வந்துவிட்டது.

வெளியே கிளம்புகிற விருந்தினர் ஒவ்வொருவரும் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று அதில் சொந்த வார்த்தையில் ஒரு வரி எழுத வேண்டும். முதலாளிக்குச் சொன்ன காரணம் பாதுகாப்பு. உண்மையான காரணம் அந்த வரிகள்தான். தினமும் காலையில் முதல் வேலையாக முந்தின நாளின் வரிகளைப் படித்து, புரியாததைச் சிவப்பு மையில் எடுத்து எழுதி, அடியில் தமிழும், தானே யோசித்த ஒரு வாக்கியமும் எழுதுவார். 'ஸெட்டிங் ஆஃப்', கிளம்புதல். 'கிவிங் அப்', கைவிடுதல். பாதி மலையில் கால் ஓய்ந்து திரும்பியவர்களின் புண்ணியத்தில் அந்தக் கடைசிச் சொல் அடிக்கடி வரும்.

எனக்கு இது மானக்கேடாக இருந்தது. பணம் கொடுத்துத் தங்குகிறவர்களிடம் பேனாவை நீட்டிப் பள்ளிக்கூடம் நடத்துவதா? அதனால் அவர் இல்லாத நேரங்களில், கட்டாயம் இல்லை, நீங்கள் போகலாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஒருமுறை அவர் குடும்பத்தோடு மூன்று நாள் யாத்திரை போனபோது நோட்டை மேசையின் கீழ் இழுப்பறைக்குள் தள்ளி, மேலே பழைய ரசீதுகளைப் போட்டு மூடியே விட்டேன்.

அப்போது எங்களிடம் ஓர் இங்கிலாந்துக்காரப் பெரியவர் பத்து நாளாகத் தங்கியிருந்தார். கோயில்களைப் பென்சிலால் வரைகிறவர். மேனேஜருக்கும் அவருக்கும் ரொம்பவே ஒத்துப்போயிற்று. மேனேஜர் போன மூன்றாம் நாள், நான் வேலைக்கு வருவதற்கு முன்பே பெரியவர் வெளியே போயிருந்தார். கோட்டைக்குத்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் நாலரை மணிக்கு அவர் மகள் போன் செய்தாள். அப்பா போனை எடுக்கவில்லை, இதய நோயாளி, மத்தியான மாத்திரை போட்டாரா தெரியவில்லை என்று அழுதாள். அறையைத் திறந்து பார்த்தேன். மாத்திரைப் பட்டை கட்டில்மேல் கிடந்தது.

கோட்டைக் காவலாளிகளுக்குச் சொன்னேன். அவர்கள் கோட்டை இருக்கும் ராஜகிரி மலைப் படிகளில் ஏறித் தேட ஆரம்பித்தார்கள். வெளிச்சம் போய்விட்டால் அந்தப் பாறைகளுக்கு நடுவே ஆளைக் கண்டுபிடிப்பது லேசில்லை. ஐந்தரை பஸ்ஸில் மேனேஜர் வந்து இறங்கினார். ஒரு கையில் பை, மறு கையில் கேரியர். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நோட்டுல எழுதி வாங்கலியா?"

"எழுத மாட்டேன்னு சொல்லிட்டாரு சார்" என்றேன்.

அந்தப் பொய் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நாக்கு கூசவே இல்லை. மேனேஜர் குனிந்து கீழ் இழுப்பறையை இழுத்தார். ரசீதுகளுக்கு மேலே, திறந்ததுமே தெரிகிற மாதிரி, நோட்டு இருந்தது. விடியலில் மேசையில் யாரும் இல்லாததால் பெரியவர் தானே தேடி எடுத்து எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'பாப்பிங் ஓவர் டு பனமலை.' பனமலைக் கோயிலுக்கு ஒரு எட்டு போய்வருகிறேன். நாலு மணிக்குள் வராவிட்டால் யாராவது வந்து என்னைத் தோண்டி எடுங்கள்.

மேனேஜர் என்னை ஒருமுறை பார்த்தார். "வண்டிய கூப்டு" என்றார்.

மாத்திரைகளை எடுத்துக்கொண்டு நானும் ஏறினேன். வண்டியில் அவர் என் பக்கம் திரும்பவில்லை. பனமலை ஏரிக்கரையில் இறங்கும்போது சூரியன் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. முதல் வீட்டிலேயே விசாரித்தோம். "வெள்ளைக்காரத் தாத்தாவா? தோ, உள்ள கீறாரு. கால் பிசகிடுச்சி. பேச்சு ஒண்ணும் புரியல, மோர் குடுத்தேன், குடிச்சாரு" என்றாள் அந்த வீட்டு அம்மாள். கோயில் பாறையில் சறுக்கி விழுந்து, போனும் நொறுங்கி, அந்தத் தாழ்வாரத்தில் கால் நீட்டிப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார் மனிதர். எங்களைப் பார்த்ததும் கையை உயர்த்திக் கூவினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அழுதேன். அவர் என்னையும் மேனேஜரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் தாழ்ந்த குரலில், "டோன்ட் டெல் ஹர் ஆஃப்" என்றார்.

பெரியவருக்கு மாத்திரையைக் கொடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பும் வழியில் மேனேஜர் கேட்டார். "டெல் ஆஃப்னா இன்னாம்மா?"

"திட்டறது சார்."

தலையை ஆட்டிக்கொண்டார். அதோடு சரி. லாட்ஜுக்கு வந்தபோது பொழுது சாய்ந்து வெகு நேரமாகியிருந்தது. பஸ்ஸில் கொண்டுவந்த கேரியர் திறக்கப்படாமல் மேசைமேல் இருந்தது. அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை. மறுநாள் சூரியன் வந்த பிறகுதான் அவர் வாயில் தண்ணீர் பட்டது. அதன்பிறகு, மேனேஜர் இருந்தவரை, ஒருவரையும் நான் எழுதாமல் வாசலைத் தாண்ட விடவில்லை. ஆனாலும் அந்தப் பொய்யைப் பற்றி நானும் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அடுத்த வருஷம் மகளோடு இருக்கக் காஞ்சிபுரம் போனபோது நோட்டை என் கையில் கொடுத்து, "பாத்துக்கோ" என்றார். அன்று பார்த்துக்கொள்ளாதவளிடம் அந்தச் சொல்லா என்று எனக்கு முள் குத்தியது.

இப்போது மேனேஜர் நாற்காலி என்னுடையது. பேத்திக்காக நேற்று ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டே வந்தவள், அந்தத் தேதி வந்ததும் நின்றுவிட்டேன். பிறகு, வருவது வரட்டும் என்று பிரித்தேன். பெரியவரின் வரிக்குக் கீழே சிவப்பு மையில் மேனேஜரின் குண்டு எழுத்து. 'டெல் ஆஃப்', திட்டுதல். அடியில் ஆங்கிலத்தில் அவர் யோசித்த வாக்கியம்: 'நான் அவளைத் திட்டவில்லை. அவளே தன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.' அதற்கும் கீழே, முதலாளிக்கு எழுதுகிற அதே கைகட்டிய ஆங்கிலத்தில், 'மேற்கொண்டு நடவடிக்கை தேவையில்லை.'

உடனே போன் செய்தேன். "சார், அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."

"தெரியுமே. நோட்டுலயே எழுதிட்டேனே. இத்தினி நாளா படிக்கலியா நீ?"

எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தது எழுந்து போயே போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே ராஜகிரி உச்சியில் இன்னும் வெயில் இருந்தது. "சாப்டீங்களா சார்?" என்று கேட்டேன்.

"இதோ, கேரியரத் தொறந்துட்டேம்மா. பொழுது இருக்குது" என்றார்.

போனை வைத்துவிட்டு அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். நோட்டை மறுபடி பீரோவில் வைக்கவில்லை. மேசைமேல், பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.