உமிக்கரிக்கு எட்டாத இடுக்கு

பல் வைத்தியனைப் பார்க்க யாரும் ஆசையாகப் படியேறி வருவதில்லை. வந்தாலும் வாயைத் திறந்து வைத்திருப்பவரோடு என்ன பேச முடியும்? ஊர்விட்டு ஊர் வந்து தனியாகத் தொழில் நடத்துகிறவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

மூன்றாவது நூல்

திருநெல்வேலியிலிருந்து மலையாளச் சீமைக்கு வந்து பழவங்காடியில் ஒரு மாடியறையில் போர்டு மாட்டினேன். முதல் வாரம் வந்தவர் ஸ்ரீவராகம் அக்கிரகாரத்துக்காரர், கோவிலில் உத்தியோகம். உமிக்கரி போட்டுத் தேய்த்துப் பல்லை வெள்ளியாக வைத்திருந்தார். ஆனால் கடைவாயில் வலி. பட்டுநூலில் மெழுகு தடவி இரண்டு பல்லுக்கு நடுவே விட்டு இழுத்தேன். முந்தின நாள் தேங்காய்த் துருவல் வந்தது. தேய்ப்பது பல்லின் முகத்துக்கு, இடுக்குக்கு நூல்தான், தினமும் ராத்திரி சாப்பிட்டதும் செய்யுங்கள் என்றேன். அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தோள்ல ஒரு நூல், அரையில ஒரு நூல். இனி வாயிலயும் ஒண்ணா, டாக்டர்?"

பந்தியில் இரண்டு இலை

சாலைக் கடைவீதியில் நாஞ்சில்நாட்டு வியாபாரி ஒருவர் என்னிடம் பல் பிடுங்கிக்கொண்டவர். மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். நெடுநாளைக்குப் பின் நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடப்போகிறோம் என்று வேட்டியைத் தேய்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பந்தியில் எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இலை காலியாகவே கிடந்தது. எதிர்வரிசையில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு மென்றார்கள். வியாபாரிக்கே மனசு கேட்காமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நாலு வாய் சாப்பிட்டிருப்பார்.

"தப்பா நினைக்காதீங்க சாரே, நீங்க பக்கத்துல இருந்தா பாயசத்துக்குக் கை போகமாட்டேங்கு, கேட்டேளா."

பின்வாங்கிய பெஞ்சு

பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் அவர், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. புடவைத் தலைப்பால் வாயை மறைத்தபடி வந்தார். மூன்று வேளையும் தேய்த்தும் வாய் நாறுகிறது, பிள்ளைகள் முன்பெஞ்சில் உட்கார மறுக்கிறார்கள், வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன் என்று சொல்லி அழுதார். ஈறெல்லாம் வீங்கி, முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

பல்லில் படிந்திருந்த காரையைச் சுரண்டி எடுத்து, கண்ணாடி முன் உட்காரவைத்து நூல் விடக் கற்றுக்கொடுத்தேன். முதலில் ரத்தம் வரும், பயந்து நிறுத்தக் கூடாது என்றேன். நிறுத்தவில்லை. நாலு மாதத்தில் ஈறு இறுகிப் பல்லின் ஆட்டமும் நின்றுவிட்டது. அதன்பின் அவர் வரவேண்டிய அவசியம் இல்லை. கடைசியாக வந்த அன்று தலைப்பை விட்டுவிட்டுச் சிரித்தார்.

"இப்ப கொழந்தைகள் மேஜையைச் சுத்தி நிக்கறதுகள், டாக்டர். போய் உக்காருங்கோன்னு நான்தான் விரட்டறேன்."

மலையிலிருந்து வந்தவர்

வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தா. மாதம் தவறாமல் பஸ் பிடித்து வருவார். நூல் விடச் சொன்னதை அவரைப்போல் அக்கறையாகச் செய்தவர் கிடையாது. பல்லில் ஒரு குறை சொல்ல முடியாது. ஒருநாள், உங்களுக்கு இனி ஒரு வருஷத்துக்கு நான் வேண்டாம் என்று சந்தோஷமாகச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அங்க எங்கூடப் பேச ஆளில்லை சார். அடுத்த மாசமும் வரச் சொல்லுங்களேன்."

வரச் சொன்னேன். அவர் ஒருவரைத் தவிர, என் பேச்சைக் கேட்டவர்கள் யாரும் திரும்பி வரவில்லை, கேட்காதவர்கள்தான் இத்தனை வருஷமும் எனக்குத் துணை.