எங்கள் செய்தித் தளத்தின் பெயரை ஏலம் கேட்பவர் யார்?

பன்னிரண்டு வருடம் நடத்திய எங்கள் மாவட்டச் செய்தித் தளத்தின் இணையப் பெயர் (டொமைன்) போன மாதம் காலாவதியாகி, கை நழுவிவிட்டது. புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் நான் திறக்காத பழைய முகவரிக்குப் போயிருக்கின்றன. தப்பு என்னுடையதுதான்.

இப்படிப்பட்ட பெயர்களைப் பிடித்துத் தரும் நிறுவனம் ஒன்றில் பதிந்தேன். ஒரே பெயரை இருவர் கேட்டால் ஏலம். எதிரில் கேட்பது யாரென்று காட்டமாட்டார்கள்.

மூன்று நாளாக எவரோ என்னை முந்திக்கொண்டே இருந்தார். நானும் விடவில்லை. வத்தல்மலைக்காரர்கள் ஆட்சியருக்குக் கொடுத்த சாலை மனுவில் எங்கள் செய்தியின் இணைப்பு இருக்கிறது. பெயர் சூதாட்டக்காரர் கைக்குப் போய், அதைத் திறந்தால் ரம்மி விளம்பரம் வரக்கூடாது.

இன்று தருமபுரி பேருந்து நிலைய டீக்கடையில், தளத்துக்குப் படம் எடுத்த மாதையனைப் பார்த்தேன்.

“அண்ணா, நம்ம பேரை மீட்டு உங்க கையில குடுக்கலாம்னு ஏலத்துல நிக்கறனுங்க. எவனோ வீணாப்போனவன் ஏத்திக்கிட்டே இருக்கான்.”

“அந்த வீணாப்போனவன் நான்தான்யா.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே?”

“நீ சொன்னியா?”

இனி நான் மட்டும் கேட்பதென்று முடிவு செய்தோம். வீட்டுக்கு வந்து பார்த்தால் விலை மறுபடி ஏறியிருக்கிறது. ஏற்றியது தான் இல்லையென்று மாதையன் சத்தியம் செய்கிறார்.

நண்பர்களே, உங்களில் யார் எனக்கு ரகசியமாக உதவிக்கொண்டிருக்கிறீர்கள்? கீழே சொல்லிவிடுங்கள், திட்டமாட்டேன். யாருமே இல்லையென்றால்தான் எனக்குப் பயம்.