சிவக்க மறுத்த தேயிலை விதைகள்

அறுபதுகளின் தொடக்கம். மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்து ஃபெக்டரியில், விதை பரிசோதிக்கும் சின்ன அறையில் எனக்கு வேலை. தேயிலை விதையை இரண்டாக வெட்டி, நிறமில்லாத ஒரு மருந்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, வெளிச்சம் படாமல் கறுப்புத் துணியால் மூடிவைக்க வேண்டும். விதைக்கு உயிர் இருந்தால் உள்ளேயுள்ள நொதி வேலை செய்து மருந்தைச் சிவப்பாக்கும். செத்த விதை வெள்ளையாகவே கிடக்கும். சிவப்பு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு உயிர்.

அந்த வருடம் தோட்டத்தை நடத்தும் துரை என்னைக் கூப்பிட்டு, விதைக்காகவே வெட்டாமல் மரமாக வளரவிட்ட ஆற்றோரத்துத் தேயிலைகளின் விதையைச் சோதிக்கச் சொன்னார். விதை செத்திருந்தால் மரங்களை வேரோடு பிடுங்கிவிட்டு, கிளை வெட்டி நடும் புதுத் தேயிலை போடப் போகிறாராம். அந்த மரங்களில் ஒன்றின் அடியில்தான் எங்கள் பிள்ளையைப் புதைத்திருந்தோம். ஓர் ஆடி மழை இரவில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில், அழாமலே பிறந்த பிள்ளை. மருத்துவச்சி தொட்டுப் பார்த்து, "உசுரு இல்லம்மா" என்று சாக்கில் சுற்றி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் கிடத்தினாள். விடிந்ததும் நான்தான் தூக்கிப் போனேன். கொழுந்து பறிக்கப் போகும்போதெல்லாம் என் மனைவி அந்த மரத்தைத் தொட்டுவிட்டுத்தான் போவாள்.

விதைகளை வெட்டி ஊறப்போட்டேன். மறுநாள் துணியை விலக்கினால் எல்லாம் வெள்ளை. பாத்திரத்தைத் தொட்ட பிறகுதான் உறைத்தது. பனிக்காலம், அறை முழுக்கக் குளிர், மருந்து ஜில்லிட்டிருந்தது. குளிரில் நொதி எங்கே வேலை செய்யும்? துரையிடம் வாய் திறக்காமல், தேயிலை காயும் டிரையர் பக்கத்தில் வெதுவெதுப்பான மூலையாகப் பார்த்து வைத்தேன். மத்தியானத்துக்குள் அத்தனையும் சிவந்துவிட்டன. துரை வந்து பார்த்தார். மரங்கள் இருக்கட்டும் என்றார்.

கொழுந்து பறிக்கும் மலைக்கு ஓடினேன். கூடையோடு நின்ற மனைவியிடம் மூச்சிரைக்க எல்லாவற்றையும் கொட்டினேன்: வெள்ளையாகக் கிடந்ததை, செத்துவிட்டதென்று நான் பயந்ததை, சூடு பட்டதும் சிவந்ததை.

அவள் சிரிக்கவில்லை. நெற்றியில் கூடைக் கயிற்றைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்:

"ஏங்க, நம்ம புள்ளையும் விடியிற வரைக்கும் குளுருலதானே கெடந்துச்சு. அடுப்புகிட்ட வச்சுப் பாத்திருக்கலாமோ?"

பிள்ளை வேறு, விதை வேறு என்று சொல்லியிருக்கலாம். பிறகு எத்தனையோ விதைகளை வெட்டினேன். கறுப்புத் துணியை விலக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சாக்குதான் கண்முன் வந்தது.