இராமையா யோசித்த நேரம்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டத்தில் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர்களில் இராமையா மாதிரி இன்னொரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்! தேயிலைச் செடி முன்னால் நின்று, கண்ணை மூடி, எந்தக் கிளை பிழைக்கும், எது சாகும் என்று மனசுக்குள் பார்த்த பிறகுதான் கத்தியை இறக்குவார். நேரமாகிறதென்று, வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை கத்துவார். ஆனால் இராமையா வெட்டிய செடி பட்டுப்போனதில்லை என்பதால் விட்டுவிடுவார். வீட்டிலும் அதே கதைதான். "சோறு போடவா?" என்று கேட்டால், பதில் வருவதற்குள் குழம்பு ஆறிவிடும். "என்ன, தியானமா?" என்று பெண்சாதி பாக்கியலெட்சுமி இருபது வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்து நாலாம் வருஷம் பிரஜாவுரிமை விசாரணைக்குப் பதுளைக்குக் கூப்பிட்டார்கள். அந்தக் காகிதம் கிடைக்காவிட்டால், இந்தத் தோட்டத்து லயத்து அறையிலேயே பிறந்த மூன்று பிள்ளைகளுக்கும் நாடு கிடையாது.

அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் குமாரசிங்கம் அவசரம் அவசரமாகத் தமிழில் சொன்னார். "முப்பத்தொன்பதாம் ஆண்டுக்குப் பிறகு இலங்கையை விட்டு வெளியில போனனியோ? கெதியாச் சொல்லு."

இராமையா கண்ணை மூடினார்.

பக்கத்தில் நின்ற பாக்கியம் அவர் தோளை இடித்தாள். இல்லை என்று ஒரு சொல், அவ்வளவுதானே! "சொல்லித் தொலைங்களேன்!"

"நீ வாயை மூடு. அவன்தான் சொல்லவேணும்" என்றார் குமாரசிங்கம்.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எதையோ எழுதினார், அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்த பிறகுதான் இராமையா வாய் திறந்தார். "எங்க ஆத்தா இந்தியாவுக்குப் போறப்ப தலைமன்னார் வரைக்கும் கூடப் போனேன். கப்பல்ல கால் வைக்கல. அது வெளிய போனதா ஆகுமா, ஆகாதான்னு பாத்தேன் புள்ள. பொய்யாயிரக் கூடாதுல்ல?"

"நாசமாப் போக!" என்று கத்தினாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பி ஓடினாள். "அவரு போகலைங்க, எழுதிக்கங்க!" பியோன் கதவைச் சாத்திவிட்டான்.

மூன்றாம் மாதம் கடிதம் வந்தது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாததால் விண்ணப்பம் தள்ளுபடியாம். ஒரு மனுஷன் பொய் சொல்லப் பயந்தது குற்றமாம்!

மறுநாள் மலையில் கணக்கப்பிள்ளை கத்தினார். "என்ன இராமையா, தியானமா? வெட்டுய்யா!"

வெட்டி விழுந்த மிளாறுக் குச்சிகளை விறகுக்குப் பொறுக்கிக்கொண்டிருந்த பாக்கியம் விறகுக் கட்டை அப்படியே கீழே போட்டாள்.

"அவரு பாத்துட்டுதான் வெட்டுவாரு! பாக்காம வெட்டுற ஆளு வேணும்னா பதுளைக்குப் போங்க. அங்க நாற்காலி போட்டு ஒக்காந்திருக்காரு!"