சொந்தக்காரர் இல்லாத ஊர்

நேற்று சுவிஸில், எங்கள் பீல் நகர ரயில் நிலையத்துக்கு முன்னால் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டேன். சுற்றுலா வந்த ஜப்பானியப் பெண் ஒருவர் ஏரிக்கு வழி கேட்டார், காட்டினேன். இடுப்பை வளைத்து வணங்கினார். நானும் வளைந்தேன். அவர் மறுபடி வளைந்தார், நான் விடவில்லை. நாலாவது தடவை நிமிர்ந்தபோது பஸ் போய்விட்டது. வாங்குப் பலகையில் உட்கார்ந்து எனக்குள் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். பாவம், அவருக்கு மெற்றில்டா அக்காவைத் தெரியாது.

மெற்றில்டா அக்கா மன்னார்க்காரி. கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் எனக்குப் பக்கத்து இருக்கை. கண்ணில் உருப்பெருக்கி, விரலில் இடுக்கி, மூச்சை அடக்கி முள் பொருத்துகிற வேலை. ஒருநாள் கோப்பி இடைவேளையில் திடீரென்று கேட்டார்.

"நான் ஜப்பானுக்குப் போறன். நீயும் வாறியோ?"

"ஏனக்கா ஜப்பான்?"

"அங்க எங்கட சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லை."

யோசித்துப் பாருங்கள், நியாயம்தானே? எங்களுக்குப் பயணம் என்றால் லண்டனில் கலியாணம், பாரிசில் பெண் பெரியவளான சாமத்தியவீடு, ரொறொன்ரோவில் செத்தவீடு. போகும்போது பெட்டி நிறையச் சொக்லேற், படுக்கை யாரோ ஒருவர் வீட்டுச் சோபா. ஒரு விடுதியில் போய்த் தங்குவது எனக்கு அதுவரை படத்தில் பார்த்த சங்கதி. உடனே "ஓம்" என்றேன். வீட்டில் மனுசனிடம் பிறகுதான் கேட்டேன்.

கியோட்டோவில் எங்கள் அறையில் ஒருவர் பெட்டியைத் திறந்தால் மற்றவர் கட்டிலில் ஏற வேண்டும். போய்ச் சேர்ந்த ஐந்தாவது நிமிடம் கழிப்பறையிலிருந்து அக்காவின் கூச்சல்.

"ஓடி வாடி! இது என்னைக் கண்டவுடன எழும்பி மரியாதை செய்யுது!"

இருக்கையின் மூடி தானாகவே திறந்திருக்கிறது. பக்கத்தில் வரிசையாகப் பொத்தான்கள். நுண்ணிய வேலை பார்க்கிறவள் என்ற திமிரில் நான் ஒன்றை அழுத்தினேன். உள்ளேயிருந்து ஒரு குழாய் நீண்டு, எதிர்ச் சுவர்வரை தண்ணீர் பீச்சியது. நிறுத்துவதற்கு இன்னொன்றை அழுத்தினேன். அதற்குள்ளிருந்து பறவைக் குரல்கள் பாடத் தொடங்கின. இருவரும் நனைந்த கோழிகளாக வெளியே வந்து, கட்டிலில் விழுந்து சிரித்தோம்.

மறுநாள் ஆரஞ்சு நிற வாசல்கள் ஆயிரக்கணக்கில் வரிசையாக நிற்கும் மலைக்கோவிலுக்குப் போனோம். பாதி வழியில் அக்கா படியில் குந்திவிட்டார். "எங்கட கோயில் சிலுவைப்பாதை பதினாலு நிலையோட முடியுது. அதுக்கே என்ர முழங்கால் தாங்காது. இவையள் கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்." உச்சிவரை ஏறினோம் என்று வீட்டுக்குச் சொல்வதற்காக, யாரோ இறங்கி வருகிறவர்களோடு படம் எடுத்துக்கொண்டோம்.

விடுதியின் கீழ்த்தளத்தில் பெண்களுக்கென்று பொதுக் குளியல் தொட்டி இருந்தது. வெந்நீர், மரவாசனை. ஆனால் ஒரு நூல் துணி இல்லாமல்தான் இறங்க வேண்டும். முதல் நாள் நான் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினேன், மற்றவர்கள் கண்ணுக்கு நான் தெரியமாட்டேன் என்ற மாதிரி. இரண்டாம் நாள் கூச்சம் போய்விட்டது. அக்காவோ வரவே மாட்டேன் என்றார்.

"மன்னார்க் கடலில வளந்த ஆளுக்குத் தண்ணிப் பயமோ?" என்று சீண்டினேன். அவர் அறையிலேயே குளித்தார்.

கடைசி நாள் காலை. பெட்டிகள் கட்டியாகிவிட்டன. "வா, போவம்," என்றார் அக்கா. துவாயை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கீழே தொட்டியடிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று அங்கியைக் கழற்றினார். பிறகு மெதுவாகத் திரும்பினார். இடப்பக்கம் மார்பு இல்லை. அந்த இடத்தில் ஒரு நீண்ட தையல் கோடு.

அதற்கு இரண்டு வருடம் முன்பு அவர் ஆறு மாதம் வேலைக்கு வரவில்லை. முதுகு நோவு என்றுதான் சொல்லியிருந்தார். நான் ஒரு போத்தல் மூலிகை எண்ணெய் கொண்டுபோய்க் கொடுத்து, எப்படித் தேய்ப்பது என்று வகுப்பு வேறு எடுத்தேன். அது ஞாபகம் வர, எனக்கு வெந்நீருக்கு முன்பே உடம்பு சுட்டது.

தொட்டியில் இருந்த இரண்டு பெண்கள் தலையசைத்து, இடம் விட்டுத் தள்ளி இருந்தார்கள். அவ்வளவுதான். அக்கா கழுத்துவரை இறங்கினார்.

"ஒருத்தரும் பாக்கேல்லை, கண்டியோ? எங்கட சனம் அறிஞ்சிருந்தா பாவம் எண்டு சொல்லியே என்னைச் சாகடிச்சிருக்கும்."

நான் அழத் தயாரானேன். அவர் விடவில்லை.

"ஆனா உன்ர எண்ணெய் திறம். முதுகுக்கு இண்டைவரைக்கும் ஒண்டுமில்லை."

வெடித்துச் சிரித்ததில் என் தலையில் மடித்து வைத்திருந்த சின்னத் துவாய் தண்ணீருக்குள் விழுந்தது. துவாய் தண்ணீரில் படவே கூடாதாம். ஒரு பெண் அதை எடுத்துப் பிழிந்து தந்து, இருந்தபடியே வணங்கினார். நாங்களும் வணங்கினோம். மூன்று பேரின் மூக்கும் தண்ணீருக்குள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டார்.

விமான நிலையத்துக்குப் போகிற ரயிலில் அக்கா கேட்டார். "வேலையில ஆருக்கும் சொல்லுவியோ?" "மாட்டன்." "சொன்னாலும் பரவாயில்லை," என்று யன்னல் பக்கம் திரும்பினார். பீலுக்கு வந்த கிழமையே அவரே எல்லோருக்கும் சொன்னார், கோப்பியைக் கலக்கிக்கொண்டு, காலநிலை சொல்வதுபோல.

அந்த விடுதியை இடித்துவிட்டார்களாம். தொழிற்சாலையில் எங்கள் மேசை இருந்த இடத்தில் இப்போது ஒரு இயந்திரம் முள் பொருத்துகிறது, தும்மாமல். அக்கா மகளோடு லண்டனில். ஞாயிறு தோறும் போனில் கதைப்போம், அதே சிரிப்புத்தான். ஆனால் சிரிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவரின் தோளில் ஓங்கி அறைவது அவர் பழக்கம். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் இருந்தவள் நான்.

இப்போதெல்லாம் என் இடது தோள் நோகிறதே இல்லை.