அப்பிரதட்சிண வண்டி

அப்பா எங்கள் பழைய அம்பாசடரின் எஞ்சினை வீட்டு முற்றத்திலேயே பிரித்து மறுபடி பூட்டியதற்குக் காரணம் அத்தையின் கல்யாணம். சென்னையிலிருந்து பெண் பார்க்க வருகிறவர்களிடம், தம்பானூர் ஸ்டேஷனுக்குச் சொந்தக் காரே வரும் என்று அவர் சொல்லிவிட்டார். அந்தக் கார் பல மாதங்களாக அசையவில்லை என்பதைச் சொல்லவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. மின்சார ஆபீசில் வேலை. கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுவிட வேண்டும் என்று பிள்ளை வீட்டார் முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். "எனக்கு வேலை வேணும், அண்ணா" என்றாள் அத்தை. வந்து பார்த்துவிட்டுத்தான் போகட்டுமே என்றார் அப்பா. அதன் பிறகு அத்தை வாதாடவில்லை. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சின் வேலைக்கு உதவ வந்துவிட்டாள். வயர் சமாசாரம் முழுக்க அவள் பொறுப்பு.

பூட்டிய எஞ்சின் கிளம்பியது. கிளம்பிய வேகத்தில் குலுங்கியது, இருமியது, 'டப்' என்று வெடித்தது. அப்பா பிளக்குகளைத் துடைத்தார். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். ஒவ்வொரு வயராகப் பிடுங்கிப் பார்த்து, நாலு சிலிண்டரில் நடுவில் இருக்கும் இரண்டும் வேலை செய்யவில்லை என்பதுவரை கண்டுபிடித்தார்.

"வயரெல்லாம் முறையாத்தானே இருக்கு?"

"டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைச் சுத்தி, பொறி போற வரிசையிலே ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டு. பிரதட்சிணமாத்தான் மாட்டியிருக்கேன், அண்ணா."

அப்பா திருப்தியோடு தலையாட்டினார். கோட்டைக்குள் எங்கள் தெருவில், ஒரு காரியத்தை வலமாகச் செய்தால் அதில் பிழை இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

பாதி எஞ்சினோடு தம்பானூர் போனோம். திரும்பி வரும்போது பின் சீட்டில் பிள்ளையும் அவனுடைய பெற்றோரும். முன்னால் நான். ஓவர்பிரிட்ஜ் பக்கம் வந்ததும் அப்பா மரியாதையாகத் திரும்பி, "ஏத்தத்துல கொஞ்சம் வலிக்காது, கேட்டேளா" என்றார். எங்கள் ஊரில் வலிப்பது என்றால் இழுப்பது. பிள்ளையின் அம்மாவான சென்னை மாமிக்கு அது தெரியாது.

"யாருக்கு வலிக்காது?" என்றாள் மாமி.

பழவங்காடிப் பிள்ளையார் கோவில் வாசலில் கார் நின்று, வரிசையாக வெடித்தது. தேங்காய் உடைக்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோவில்களில் ரசீது வாங்கி வெடி போடுவது இங்கே ஒரு நேர்த்திக்கடன். பக்கத்து ஆட்டோக்காரர் தலையை நீட்டி மலையாளத்தில், "சேட்டா, வெடிவழிபாட்டினு ரசீது எடுத்தோ?" என்று கேட்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். பிள்ளையும் சிரித்தான், அம்மா பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான். பிறகு பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினான். மாமி ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். சொஜ்ஜி, பஜ்ஜி இரண்டையும் சாப்பிட்டுவிட்டு, பிள்ளையார் சந்நிதியிலேயே சகுனம் சரியில்லையே என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலமே அத்தை பானெட்டைத் திறந்து இரண்டு வயர்களை இடம் மாற்றினாள். எஞ்சின் குழந்தை மாதிரி சமர்த்தாக ஓடியது.

"இந்த வண்டியில மூடிக்குள்ளே இருக்கிற ரோட்டர் அப்பிரதட்சிணமா சுத்தறது, அண்ணா. நான் கவனிக்கலை பாரு."

அப்பாவுக்கு வந்த சந்தோஷத்தில் வரன் போனதே மறந்துவிட்டது. எல்லோரும் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். அத்தைதான் ஓட்டினாள். ஏற்றத்தில் எல்லாம் தேவையில்லாமல் ஹாரன் அடித்தாள். அப்பா பின் சீட்டிலிருந்து, "என்னமா வலிக்கிறது பார்" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

எனக்கு மட்டும் ஒரு சின்னக் குழப்பம். வயர் மாட்டிய அன்று மூடியைப் பொருத்தும் முன், அத்தை என்னைக் கூப்பிட்டு உள்ளே சுற்றும் ரோட்டரைக் காட்டி, எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று கேட்டிருந்தாள். கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் என்றேன். சமத்து என்று ஒரு சாக்லேட்டும் கொடுத்தாள்.

பாவம், அத்தைக்கு மறதி. எல்லோர் முன்னாலும் அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம் என்று, பெரிய மனது பண்ணி நான் பேசாமல் இருந்துவிட்டேன்.